சலவை இயந்திரத்தின் சோப்புத் தட்டு: வீட்டுப் பராமரிப்பில் மறந்துபோகும் ஒரு மூலை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்காகக் குடும்பத்தார் பல ஏற்பாடுகளைச் செய்கிறார்கள். படுக்கையறையைக் கழுவித் துடைக்கிறார்கள், புதிய விரிப்புகளை வாங்குகிறார்கள், குடிநீரைக் கொதிக்க வைக்கிறார்கள், பார்வையாளர்களைக் குறைக்கிறார்கள். நோயாளியின் உடைகளைத் தனியே துவைக்க வேண்டுமா என்றும் தவறாமல் எங்களைக் கேட்கிறார்கள். துணியைத் துவைக்கும் இயந்திரம் சுத்தமாக இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. நாள்தோறும் சோப்பும் தண்ணீரும் புழங்கும் ஒரு பொருள் அழுக்காக இருக்கும் என்று யாருக்கும் எளிதில் தோன்றாது.

சலவை இயந்திரத்தில் சோப்புத்தூளையும் மென்மையூட்டியையும் இடுவதற்கென அமைந்த இழுப்பறைத் தட்டைப் பற்றியது இம்மாதப் பாடம். நலமாக உள்ள ஒருவருக்கு இத்தட்டின் அழுக்கால் பெரும்பாலும் தீங்கு எதுவும் நேர்வதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும், குறைமாதக் குழந்தைகளும், ஆறாத புண் உள்ளவர்களும் வாழும் வீட்டில் இது கவனிக்கத்தக்க இடமாகிறது. அச்சமூட்டுவது எங்கள் நோக்கமன்று. மாதத்துக்கு ஒரு மணி நேரம் போதும், செலவு மிகச் சிறிது, பயனோ உறுதி. அத்தகைய ஒரு பழக்கத்தைச் சரியான முறையில் கற்றுக்கொள்ள உதவுவதே எங்கள் நோக்கம்.

தட்டின் அமைப்பு

முன்புறக் கதவுள்ள இயந்திரங்களில் மேல் இடது மூலையில் இத்தட்டு இருக்கும். பொதுவாக அதில் மூன்று அறைகள் உண்டு. ஒற்றைக் கோடு இட்ட அறை முன்சலவைக்கு உரியது. இரட்டைக் கோடு இட்டது முதன்மைச் சலவைக்கு உரியது. பூ அல்லது நட்சத்திரக் குறி இட்ட சிறிய அறை, துணியை மென்மையாக்கும் கண்டிஷனருக்கு உரியது. மேற்புறம் திறக்கும் தானியங்கி இயந்திரங்களில் மூடிக்கு அருகிலோ தொட்டியின் விளிம்பிலோ ஒரு சிறு பெட்டியாக இது அமைந்திருக்கும். இரட்டைத் தொட்டி கொண்ட செமி ஆட்டோமேட்டிக் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தட்டு கிடையாது. சோப்புத்தூளை நேரே தொட்டியில் இடுகிறோம். அவ்வகை இயந்திரம் வைத்திருப்போர், தட்டுக்குக் கூறுவனவற்றைப் பஞ்சு வடிகட்டும் பைக்கும் தொட்டியின் விளிம்புக்கும் பொருத்திக் கொள்ளலாம்.

இயந்திரம் இயங்கும்போது குழாய்த் தண்ணீர் தட்டின் கூரையில் உள்ள சிறு துளைகள் வழியாக அந்தந்த அறையில் பொழிந்து, சோப்பைக் கரைத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்குகிறது. கண்டிஷனர் அறை மட்டும் சற்று மாறுபட்டது. அதில் உள்ள சிறு மூடியும் குழலும் சைஃபன் என்னும் முறையில் இயங்குகின்றன. கடைசி அலசலின்போது தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேல் உயர்ந்ததும், அறையில் உள்ள திரவம் முழுவதும் தானே உறிஞ்சப்பட்டுத் தொட்டிக்குள் போகும். இந்த அமைப்பின் காரணமாக அவ்வறையின் அடியில் சிறிதளவு தண்ணீர் எப்போதும் தங்குவது இயல்பே. அறை பாதிக்கு மேல் நிறைந்து நின்றால் சைஃபன் குழல் அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

இனி நோயாளியின் வீட்டுக்கு மிக முக்கியமான செய்திக்கு வருவோம். தண்ணீரைச் சூடாக்கும் கம்பி தொட்டியின் அடியில் உள்ளது, தட்டில் இல்லை. ஆகவே நாம் 60 டிகிரி செல்சியஸ் சலவையைத் தெரிவு செய்தாலும், பெரும்பாலான இயந்திரங்களில் தட்டின் வழியாகச் செல்வது குளிர்ந்த குழாய்த் தண்ணீர்தான். தொட்டிக்குள் உள்ள துணிக்கு வெப்பம் கிட்டுகிறது, தட்டுக்குக் கிட்டுவதில்லை. மேலும், சோப்பும் வெப்பமும் தம் வேலையை முடித்த பிறகு வரும் கடைசி அலசல் தண்ணீரும் இதே தட்டைக் கடந்துதான் துணியை அடைகிறது. அந்தத் தண்ணீர் எதைச் சுமந்து வந்தாலும், அதை அகற்ற அதற்குப் பின் வேறொரு சலவை இல்லை.

அழுக்கு சேர்வது ஏன்?

நுண்ணுயிர்கள் நிலைத்து வளர ஈரம், உணவு, ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு ஆகிய மூன்றும் வேண்டும். தட்டில் மூன்றும் உள்ளன. சலவை முடிந்ததும் தட்டை மூடிவிடுவதால் ஈரம் உலர்வதில்லை. கரையாத சோப்புத்தூளும் கண்டிஷனரின் பிசுபிசுப்பான எச்சமும் அடியில் படிகின்றன. கண்டிஷனரில் உள்ள கொழுப்புத் தன்மை கொண்ட பொருள்கள் சில நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. சோப்பு இருக்கும் இடத்தில் கிருமி இராது என்ற நம்பிக்கை இங்குப் பொருந்தாது. சோப்பு அழுக்கைத் துணியிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு அனுப்பும் பொருள். அது தானாகவே எல்லாக் கிருமிகளையும் கொல்லும் மருந்தன்று.

இவ்வாறு படியும் நுண்ணுயிர்கள் தனித்தனியே மிதப்பதில்லை. தாமே சுரக்கும் பசை போன்ற பொருளுக்குள் கூட்டமாகத் தங்குகின்றன. இதனை உயிர்ப்படலம் என்கிறோம். தட்டைத் தொட்டால் விரலில் வழுக்கும் சளி போன்ற படிவு அதுவே. காலையில் துலக்காத பல்லின் மேல் உணரப்படும் படிவும் இவ்வகையே. வெறும் தண்ணீரை ஊற்றினால் உயிர்ப்படலம் போகாது. கிருமிநாசினியும் அதன் உள்ளே எளிதில் ஊடுருவாது. பல்லைத் துலக்குவது போலவே இதையும் பிரஷ் கொண்டு தேய்த்தே அகற்ற வேண்டும். இப்பாடத்தில் மனத்தில் நிறுத்த வேண்டிய முதல் விதி இது: முதலில் தேய்த்தல், பிறகே கிருமிநாசினி.

நம் ஊர்களில் வேறு இரண்டு காரணங்களும் சேர்கின்றன. ஒன்று, கடின நீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசிய உப்புகளும் மிகுந்துள்ள பகுதிகளில் சோப்பு சரியாக நுரைக்காது. உப்பு வெள்ளைப் படிவாகத் தட்டில் ஒட்டும். அந்தச் சொரசொரப்பான பரப்பு உயிர்ப்படலத்துக்கு நல்ல பிடிமானமாகிறது. மற்றொன்று, தண்ணீரின் வேகம். மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடியில் வசிப்போருக்குக் குழாயில் தண்ணீர் மெதுவாகவே வரும். தட்டில் இட்ட தூள் முழுவதும் கரைந்து இறங்காமல் கட்டியாகத் தங்கிவிடும். மெஷின் சோப்பைத் தின்பதில்லை என்று பலர் குறைப்படுவது இதனால்தான்.

தட்டிலும் கதவின் ரப்பர் வளையத்திலும் காணப்படும் கரும்புள்ளிகள் பூஞ்சைகள் ஆகும். ஸ்லோவேனிய நாட்டு ஆய்வாளர்கள் 70 வீட்டுச் சலவை இயந்திரங்களின் தட்டு, ரப்பர் வளையம் முதலிய இடங்களில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். 79 விழுக்காடு இயந்திரங்களில் பூஞ்சைகள் இருந்தன. அவற்றுள் ஃபியூசேரியம், கேண்டிடா ஆகிய இனங்கள் மிகுதியாகக் காணப்பட்டன. நலமானவர்களை இவை பெரும்பாலும் தாக்குவதில்லை. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் மட்டும் சில வேளைகளில் நோய் உண்டாக்கும் வல்லமை உடையவை. ஆகவே உங்கள் வீட்டு இயந்திரத்தில் பூஞ்சை இருப்பது வியப்புமன்று, உங்கள் குடும்பத்தின் தூய்மைக்கு இழுக்குமன்று. அது இந்தப் பொருளின் அமைப்பால் எழும் நிலை.

பான் நகரில் கிடைத்த படிப்பினை

ஜெர்மனி நாட்டின் மருத்துவமனை ஒன்றில் நிகழ்ந்ததை இங்கு அறிந்துகொள்வது பயனுள்ளது. 2012 ஏப்ரல் முதல் 2013 மே வரையான காலத்தில், பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகள் சிலரிடம் கிளெப்சியெல்லா ஆக்சிடோகா என்னும் பாக்டீரியா மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டது. அது பல ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகையைச் சேர்ந்தது. கை கழுவும் முறைகளைக் கடுமையாக்கிய பிறகும் புதிய குழந்தைகளிடம் அது தோன்றியது. பான் பல்கலைக்கழக மருத்துவமனையின் சுகாதாரத் துறை வல்லுநர்கள் தேடலை விரிவுபடுத்தினர்.

குழந்தைகளுக்கு அணிவிக்கும் பின்னல் தொப்பிகளும் காலுறைகளும் அம்மருத்துவமனையில் வீட்டு உபயோக வகையைச் சேர்ந்த ஒரு சலவை இயந்திரத்தில் துவைக்கப்பட்டு வந்தன. அவ்வியந்திரத்தின் சோப்புத் தட்டிலும் கதவின் ரப்பர் வளையத்திலும் அதே பாக்டீரியா, அதே மரபணு வகையோடு கிடைத்தது. துவைத்து முடித்த பிறகு, சூடாக்கப்படாத, சோப்பில்லாத கடைசி அலசல் தண்ணீர் தட்டின் வழியாக வந்தபோது கிருமி துணிக்கு மாறியிருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. இயந்திரம் அகற்றப்பட்டதும் பரவலும் நின்றது. நற்பேறாக, அக்குழந்தைகளிடம் கிருமி உடலில் குடியேறியிருந்ததே தவிர, அபாயகரமான தொற்று நோய் ஏற்படவில்லை. இவ்வாய்வு 2019-இல் வெளியிடப்பட்டது.

இதிலிருந்து எவ்வளவு பொருள் கொள்ள வேண்டுமோ அவ்வளவே கொள்வோம். நிகழ்ச்சி நடந்தது தீவிர சிகிச்சைப் பிரிவில், மிக எளிதில் நோயுறக்கூடிய குழந்தைகளிடையே. எல்லா வீட்டிலும் இவ்வாறு நடக்கும் என்று இது கூறவில்லை. சலவை இயந்திரத்தின் தட்டு கிருமியின் இருப்பிடமாகவும், துணி அதைச் சுமக்கும் வழியாகவும் அமைய முடியும் என்பதை மட்டும் இது மெய்ப்பித்துள்ளது. மருத்துவமனைகள் பெரிய அளவிலான, உயர் வெப்பச் சலவை முறைகளைப் பயன்படுத்துவதன் காரணமும் இதனால் விளங்கும். அந்த வசதியை விட்டு வீடு திரும்பும் நோயாளிக்கு, வீட்டு இயந்திரத்தைப் பேணுவது குடும்பத்தாரின் பொறுப்பாகிறது.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

கீழ்க்கண்டோர் வாழும் வீட்டில் இப்பாடத்தைச் சற்று அதிக அக்கறையோடு பின்பற்றுமாறு பரிந்துரைக்கிறோம்:

• புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்று, வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்கள்

• சிறுநீரகம், கல்லீரல், எலும்பு மஜ்ஜை முதலிய மாற்று சிகிச்சை பெற்றவர்கள்

• நீண்ட காலமாக அதிக அளவில் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள்

• வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நரம்பு வழியாகவோ சிறுநீர்ப் பாதை வழியாகவோ குழாய் பொருத்தப்பட்டவர்கள்

• தீக்காயம், படுக்கைப் புண், ஆறாத நீரிழிவுப் புண் உள்ளவர்கள்

• குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள்

• பூஞ்சை ஒவ்வாமையோடு ஆஸ்துமா உள்ளவர்கள்

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறோம். இந்தத் தூய்மைப் பணியை மேற்கண்ட நோயாளிகள் தாமே செய்யக் கூடாது. உலர்ந்த பூஞ்சைத் துகள்கள் தேய்க்கும்போது காற்றில் எழும். அதைச் சுவாசிப்பது அவர்களுக்கு நல்லதன்று. வீட்டு வேலைகளைத் தாமே செய்து பழகிய தாய்மார்கள் சிகிச்சைக் காலத்திலும் இதை விட்டுக்கொடுக்க மனம் ஒப்பாதிருக்கலாம். அந்நாள்களில் இப்பணியை மகனோ மகளோ கணவரோ ஏற்றுக்கொள்வது மருந்தைப் போலவே முக்கியமான உதவி.

சுத்தம் செய்யும் முறை

தேவையானவை: ஒரு வாளி, வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, சுத்தமான துணி, ரப்பர் கையுறை, முகக்கவசம். கடின நீர்ப் பகுதியானால் எலுமிச்சை உப்பு எனக் கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் அல்லது வினிகர்.

1. இயந்திரத்தை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர்க் குழாயை மூடுங்கள். ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள். நோயாளி அந்த அறையில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு சன்னலைத் திறந்து வையுங்கள்.

2. தட்டை அது நிற்கும் எல்லை வரை வெளியே இழுங்கள். கண்டிஷனர் அறையின் பின்பகுதியில் அழுத்துவதற்கான ஒரு சிறு பொத்தானோ நாக்கு போன்ற பிளாஸ்டிக் துண்டோ இருக்கும். அதை அழுத்திக்கொண்டே இழுத்தால் தட்டு முழுவதும் வெளிவரும். வராவிட்டால் வலுவாகப் பிடுங்க வேண்டாம். இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

3. தேங்கிய தண்ணீரைக் குளியலறை வடிகாலில் ஊற்றுங்கள். சமையலறைத் தொட்டியில் ஊற்றவோ, தட்டை அங்கு வைத்துக் கழுவவோ வேண்டாம்.

4. சைஃபன் மூடியையும், தனியே கழலும் மற்ற உறுப்புகளையும் பிரித்தெடுங்கள். எவ்வாறு பொருந்தியிருந்தன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் மீண்டும் பொருத்துவது எளிது.

5. வாளியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும் சிறிது பாத்திரத் திரவமும் கலந்து, எல்லா உறுப்புகளையும் 20 முதல் 30 நிமிடம் ஊற வையுங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் வளைந்து, தட்டு மீண்டும் பொருந்தாமல் போகும்.

6. பிரஷ் கொண்டு மூலைகளையும் விளிம்புகளையும் அடிப்புறத்தையும் நன்கு தேயுங்கள். சைஃபன் மூடியின் உட்புறமும், அது அமரும் குழலும் மிக முக்கியம். பிரஷ் நுழையாத இடத்தில் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியைப் பயன்படுத்தலாம். விரலால் தடவும்போது வழுக்கல் இல்லாதவரை தேய்க்க வேண்டும்.

7. வெள்ளைப் படிவு இருந்தால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து அரை மணி நேரம் ஊற வைத்து, தேய்த்து, ஓடும் தண்ணீரில் நன்கு அலசுங்கள். வினிகரையும் இவ்வாறே பயன்படுத்தலாம்.

8. ஊறும் நேரத்தில் தட்டு இருந்த குழிவைக் கவனியுங்கள். கைப்பேசி விளக்கைக் கொண்டு அதன் கூரையைப் பாருங்கள். தண்ணீர் பொழியும் துளைகளைச் சுற்றிக் கரும்படிவு இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். தட்டை மட்டும் கழுவி இதை விட்டுவிட்டால் சில நாள்களிலேயே படிவு திரும்பிவிடும். முகக்கவசம் அணிந்துகொண்டு, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும் பிரஷாலும் துடையுங்கள். உள்ளே தண்ணீரை ஊற்றவோ பீய்ச்சவோ வேண்டாம். அருகில் மின் இணைப்புகள் உள்ளன.

9. கதவின் ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்து, தேங்கிய தண்ணீர், தலைமுடி, நூல் ஆகியவற்றை அகற்றித் துடையுங்கள். பான் நிகழ்வில் கிருமி கிடைத்த இரண்டாவது இடம் இதுவே.

10. எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தி மீண்டும் பொருத்துங்கள். பிறகு துணி எதுவும் இடாமல், இயந்திரத்தில் உள்ள மிக அதிக வெப்பச் சலவையையோ, தொட்டியைச் சுத்தம் செய்வதற்கென உள்ள சலவையையோ ஒருமுறை ஓட்டுங்கள். இறுதியில் கையுறையைக் கழற்றி, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பயன்படுத்திய பிரஷை இப்பணிக்கென்றே தனியே வையுங்கள்.

கிருமிநாசினி தேவையா?

சாதாரண வீட்டுக்குத் தேய்த்தலும் வெப்பமும் உலர்த்தலும் போதும். எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர் உள்ள வீட்டில், மேற்கண்ட ஏழாவது படி முடிந்த பின் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பயன்படுத்தலாம். 5 விழுக்காடு செறிவுள்ள கரைசலில் 20 மில்லி லிட்டரை 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் 0.1 விழுக்காடு கிடைக்கும். கழற்றிய பிளாஸ்டிக் உறுப்புகளை அதில் 10 நிமிடம் மூழ்க வைத்துப் பின் நன்கு அலசினால் போதும். ஆஸ்துமா உள்ளவர் இதைக் கையாளக் கூடாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. இப்பாடத்தில் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய தவறு ஒன்று உண்டென்றால் அது இதுவே: ஹைப்போகுளோரைட்டையோ பிளீச்சிங் பவுடரையோ வினிகர், சிட்ரிக் அமிலம், கழிப்பறை கழுவும் அமிலம் ஆகியவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடும் சேர்க்கக் கூடாது. அமிலத்தைப் பயன்படுத்திய பின் ஓடும் தண்ணீரில் முழுவதும் அலசாமல் ஹைப்போகுளோரைட்டைத் தொடாதீர்கள். முடிந்தால் இரண்டையும் வெவ்வேறு நாளில் செய்யுங்கள். கடுமையான நெடி எழுந்து கண் எரிச்சலோ இருமலோ ஏற்பட்டால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் நன்கு சுத்தமாகும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அக்கலவை தீங்கற்றது, பயனும் சிறிது. ஒன்று காரம், மற்றது அமிலம். சேர்ந்ததும் ஒன்றையொன்று சமப்படுத்தி, நுரை அடங்கியபின் ஏறக்குறைய உப்பு நீரே எஞ்சுகிறது.

மீண்டும் சேராமல் காக்கும் பழக்கங்கள்

சுத்தம் செய்வதைக் காட்டிலும் சேராமல் காப்பது எளிது. ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் தட்டைச் சிறிது வெளியே இழுத்து வையுங்கள். இயந்திரக் கதவையும் சற்றுத் திறந்து வையுங்கள். உலர்ந்த இடத்தில் உயிர்ப்படலம் வளராது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், அவர்கள் உள்ளே நுழையவோ எஞ்சிய சோப்பைத் தொடவோ இயலாதபடி குளியலறைக் கதவை மூடி வைப்பது கட்டாயம். சோப்புத் திரவத்தையும் கண்டிஷனரையும் ஹைப்போகுளோரைட்டையும் உயரமான, பூட்டிய இடத்தில் அவற்றின் மூலப் புட்டிகளிலேயே வையுங்கள். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது பேராபத்து.

சோப்பை அளந்து இடுங்கள். உறையில் குறித்த அளவுக்கு மேல் இடுவதால் துணி கூடுதலாகச் சுத்தமாவதில்லை. தட்டிலும் துணியிலும் எச்சமே மிகுகிறது. தூள் கட்டியாகத் தங்கினால், தண்ணீர் நுழையும் குழாயின் முனையில் உள்ள சிறு வலையைக் கழற்றிப் பாருங்கள். மணலும் துருவும் அதை அடைத்திருக்கக்கூடும்.

கண்டிஷனரை உச்சக் கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள். உண்மையில், நோயாளியின் துணிக்கு அது தேவையே இல்லை. துண்டின் நீர் உறிஞ்சும் திறனை அது குறைக்கிறது. அதன் நறுமணப் பொருள்கள் ஒவ்வாமை உள்ள தோலுக்கும், கீமோதெரபியால் குமட்டல் உள்ளவருக்கும் தொல்லை தரலாம். அதைத் தவிர்த்தாலே தட்டில் சேரும் பிசுபிசுப்பில் பெரும்பகுதி குறையும்.

கால அட்டவணை எளியது. சாதாரண வீட்டில் மாதம் ஒருமுறை முழுமையான சுத்தம். எதிர்ப்பாற்றல் குறைந்தவர் உள்ள வீட்டில் வாரம் ஒருமுறை தட்டைக் கழற்றிச் சோப்பு நீரில் தேய்த்தலும், இரு வாரத்துக்கு ஒருமுறை முழுமையான சுத்தமும். நோயாளி வீடு திரும்புவதற்கு முந்தைய நாள் ஒருமுறை செய்து வைப்பது மிக நன்று. பல நாள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், பூட்டிய வீட்டில் இயந்திரத்தினுள் தண்ணீர் தேங்கியே இருந்திருக்கும்.

நோயாளியின் துணியைத் துவைக்கும்போது

இரத்தம், சீழ், மலம், வாந்தி பட்ட துணிகளை உதறாமல், கையுறை அணிந்து எடுத்து, முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசிய பின் தனியே துவையுங்கள். துணி தாங்குமானால் 60 டிகிரி செல்சியஸ் சலவையைத் தெரிவு செய்யுங்கள். அவசரச் சலவைகளைத் தவிருங்கள். துவைத்த துணியை இரவு முழுவதும் இயந்திரத்திலேயே விடாமல் உடனே எடுத்து, வெயிலில் முழுவதும் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் காய வைக்க நேர்ந்தால், சூடான இஸ்திரி போட்டு ஈரம் அறவே போக்கிய பின் அணிவியுங்கள். சூடாக்கும் வசதியில்லாத இயந்திரம் என்றாலும் கவலை வேண்டாம். நல்ல சோப்பும் நன்றாக அலசுதலும் வெயிலும் இஸ்திரியும் சேர்ந்து பெரும் பாதுகாப்புத் தரும்.

கீமோதெரபி மருந்து ஏற்றிய முதல் இரண்டு நாள்களில் நோயாளியின் சிறுநீரும் வாந்தியும் பட்ட துணியில் மருந்தின் எச்சம் இருக்கக்கூடும். அவற்றைப் பிற துணிகளோடு சேர்க்காமல் தனியே இருமுறை துவைப்பது நல்லது. உங்களுக்கு உரிய மருந்தைப் பொறுத்து இக்காலம் மாறலாம். எனவே வீடு திரும்பும் நாளில் செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நினைவில் நிறுத்தும் சில வினாக்கள்

*தட்டில் துர்நாற்றம் இருந்தால் நோயாளியின் துணியைத் துவைக்கலாமா?*
நாற்றம் உயிர்ப்படலம் இருப்பதன் அறிகுறி. முதலில் தட்டைச் சுத்தம் செய்து, வெற்றுச் சூட்டுச் சலவையை ஓட்டிய பின் துவையுங்கள்.

*வாசனைத் திரவம் சேர்த்தால் நாற்றம் போய்விடுமே?*
நாற்றம் மறையும், காரணம் மறையாது.

*தேய்த்தும் கரும்புள்ளி போகவில்லை. என்ன செய்வது?*
வழுக்கல் இல்லாமல் கறை மட்டும் எஞ்சியிருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. படிவு மீண்டும் மீண்டும் வருமானால் தட்டை மட்டும் புதிதாக வாங்கிப் பொருத்தலாம். இயந்திரத்தையே மாற்ற வேண்டியதில்லை.

*இத்தனை நாள் கவனிக்காமல் இருந்துவிட்டோம். நோயாளிக்குப் பரிசோதனை தேவையா?*
நோயாளி நலமாக இருந்தால் தேவையில்லை. இன்று தொடங்கினால் போதும்.

*எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?*
எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணில் சிவப்பு அல்லது சீழ், குழாய் பொருத்திய இடத்தில் வலி, டயாலிசிஸ் திரவம் கலங்கலாக வெளிவருதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்காமல் உடனே வாருங்கள். காரணம் துணியா வேறா என்பதை ஆராய்வது எங்கள் பணி. வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

இறுதியாக, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நோயாளியைத் தொடுவதற்கு முன் கை கழுவுதல், மருந்தை நேரம் தவறாமல் கொடுத்தல், நன்கு சமைத்த உணவு, சளி உள்ளவர் விலகி இருத்தல் ஆகியவை தொற்றைத் தடுப்பதில் முதல் வரிசையில் நிற்பவை. சோப்புத் தட்டு அவற்றுக்கு அடுத்த வரிசையில் நிற்பது. முதல் வரிசையைச் செம்மையாகச் செய்யும் குடும்பம் இதையும் சேர்த்துக்கொண்டால், நோயாளியின் தோலை நாள் முழுவதும் தொட்டுக்கொண்டிருக்கும் துணி உண்மையிலேயே தூயதாக இருக்கும். அடுத்த சலவைக்கு முன் தட்டை ஒருமுறை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கண்டதைப் பற்றி ஐயம் எழுந்தால் அடுத்த வருகையின்போது எங்களிடம் தயங்காமல் கேளுங்கள்.